நாய் பின்பக்கத்தைத் தேய்த்தால் பூச்சி மட்டும்தான் காரணமா?

கேள்வி: "தோட்டத்தில் ஆட்டுக் கொட்டகைக் காவலுக்கு ஒரு சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். வயது நாலு. பத்து நாளாகப் பின்பக்கத்தைத் தரையில் வைத்து இழுத்துக்கொண்டே போகிறது. வாலுக்கு அடியில் ஓயாமல் நக்குகிறது. பக்கத்தில் போனால் மீன் அழுகியது போல வாடை. பூச்சி மாத்திரை இரண்டு தடவை கொடுத்துவிட்டோம். நின்றபாடில்லை. என்ன செய்யலாம்?"
- வாசகர் ஒருவர், திருத்தங்கல்.

பதில்: மக்காச்சோளத்தில் படைப்புழு, பருத்தியில் காய்ப்புழு என்றே கேள்விகள் வந்து குவியும் இந்தப் பகுதிக்கு நாயைப் பற்றி ஒரு கடிதம். உதவி ஆசிரியர் கொஞ்சம் தயங்கித்தான் என்னிடம் கொடுத்தார். ஆனால், இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட முடியாது. காரணம், இதே கேள்விக்கு ஒருமுறை தப்பாகப் பதில் சொன்னவன் நான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. என் மாமனார் தோட்டத்தில் 'கருப்பன்' என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. அது தரையில் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதுக்கு என்ன பண்ண?" என்று கேட்டார். "பூச்சிதான் மாமா, மாத்திரை கொடுங்க" என்றேன். கொடுத்தார். நிற்கவில்லை. "இன்னொரு தடவை கொடுங்க" என்றேன். மூன்றாவது வாரம் போன் வந்தது. "நாய்க்குப் பின்னாடி ஓட்டை விழுந்து சீழ் வடியுது மாப்பிள்ளை, புழு நெளியுது."

ஐப்பசி அடைமழை நேரம். ஈ மொய்க்கக் கேட்கவா வேண்டும்? தோட்டத்தில் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர், இரக்கப்பட்டுப் புண்ணைக் கழுவக் கை வைத்திருக்கிறார். வலி தாங்காமல் கருப்பன் அவர் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. நாய்க்கு இருபது நாள் வைத்தியம். அண்ணாச்சிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி, நாலைந்து நாள் கூலி இழப்பு. நான் சொன்ன ஒரு அவசரப் பதிலுக்கு இரண்டு உயிர்கள் பட்டபாடு அது.

நான் வேளாண்மை படித்தவன். கால்நடை மருத்துவன் அல்ல. அதனால் இந்தப் பதிலை எழுதிய பிறகு கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவரிடம் வரிக்கு வரி படித்துக்காட்டி, அவர் சரி என்று சொன்னதை மட்டுமே இங்கே வைத்திருக்கிறேன்.

அது என்ன பை?

நாயின் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும், தோலுக்கு உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பைகள் உண்டு. ஆசனவாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டால், 4 மணி, 8 மணி இருக்கும் இடத்தில் அவை இருக்கும். மருத்துவர்கள் 'ஏனல் கிளாண்ட்' என்பார்கள். நாம் மலவாய்ப் பை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பழுப்பு நிறத்தில், கடுமையான வாடையுள்ள ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கும்.

நாய் கெட்டியாக மலம் கழிக்கும்போது, மலம் இந்தப் பைகளை அழுத்தும். உடனே கொஞ்சம் திரவம் மலத்தோடு வெளியேறும். 'இது என் எல்லை' என்று மற்ற நாய்களுக்குச் சொல்லும் முகவரிச் சீட்டு அதுதான். இரண்டு நாய்கள் சந்தித்ததும் ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று முகர்ந்து பார்ப்பதும் இதற்காகத்தான். பூனைக்கும் இந்தப் பைகள் உண்டு. அமெரிக்காவில் 'ஸ்கங்க்' என்ற பிராணி, எதிரியை விரட்ட நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சி அடிக்கிறதே, அதுவும் இதே பையிலிருந்துதான்.

ஆக, பை இருப்பது நோயில்லை, வாடையும் நோயில்லை. பை காலியாகாமல் தேங்குவதுதான் பிரச்னை.

ஏன் தேங்குகிறது?

முதல் காரணம், மலம் இளக்கமாகப் போவது. கெட்டியான மலம் இருந்தால்தான் பை அழுந்தும். கழிச்சலாகவோ கூழாகவோ தொடர்ந்து போனால் திரவம் உள்ளேயே தங்கி, கெட்டிப்பட்டு, வாசலை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, உடல் பருமன். கொழுத்த நாய்க்கு அந்த இடத்துத் தசையின் பிடிப்புக் குறைவு. மூன்றாவது, தோல் அலர்ஜி. உடம்பெல்லாம் அரிக்கும் நாய்க்கு அந்தப் பையின் வாசலும் வீங்கும். நான்காவது, இனம். பொமரேனியன், பக் போன்ற சின்ன நாய்களுக்கு இது அதிகம் வரும். நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களையே தாங்கி நிற்கும் சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற உடல் ஒட்டிய நாய்களுக்கு ஒப்பிட்டால் குறைவு. ஆனால், வராது என்று சொல்ல முடியாது.

அதனால் வாசகரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: நாய்க்கு என்ன போடுகிறீர்கள்? நம் பக்கத்தில் காவல் நாய்க்கு முன்பெல்லாம் கம்பங்கூழும் சோளக்கூழும் ஊற்றுவார்கள். இன்றைக்குக் கடைத்தெருவில் மிஞ்சிய பரோட்டா, சால்னா, பிஸ்கட், கறிக்கடைக் கழிவு. மைதாவில் நார் கிடையாது. சால்னா எண்ணெயும் மசாலாவும் வயிற்றைக் கலக்கும். போதாக்குறைக்குச் சால்னாவில் வெங்காயமும் பூண்டும் உண்டு. இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. நாயின் பின்பக்கத்தில் தெரியும் கோளாறு பல நேரம் அதன் தட்டில்தான் தொடங்குகிறது.

பூச்சியா, பையா? பிரித்தறிவது எப்படி?

பயிரில் இலை மஞ்சளானால் சத்துக் குறையா, சாறு உறிஞ்சும் பூச்சியா, வேரழுகலா என்று புரட்டிப் பார்த்துத்தானே மருந்து சொல்கிறோம்? நாய்க்கும் அப்படித்தான். தேய்ப்பது ஒரு அறிகுறி. காரணம் நாலைந்து இருக்கலாம்.

நாடாப்புழு: மலத்திலோ, ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியிலோ, படுக்கும் சாக்கிலோ அரிசி அல்லது வெள்ளரி விதை போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். சில துண்டுகள் நெளியும். இந்தப் புழு தெள்ளுப்பூச்சி வழியாக நாய்க்குள் போகிறது. உடம்பைக் கடித்துச் சொறியும்போது தெள்ளுப்பூச்சியை நாய் விழுங்கிவிடும். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் புழு திரும்ப வரும். அதோடு, எல்லாப் பூச்சி மாத்திரையும் இந்த நாடாப்புழுவைக் கொல்லாது. பிராசிகுவாண்டல் சேர்ந்த மாத்திரையா என்று கேட்டு வாங்குங்கள். நாயின் எடைக்குத் தகுந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தெள்ளுப்பூச்சிக் கடி அலர்ஜி: வால் தொடங்கும் இடத்தில் மேல்முதுகில் முடி கொட்டி, தோல் தடித்திருக்கும். நாய் அந்த இடத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும்.

மலவாய்ப் பை: வெள்ளைத் துண்டுகள் இருக்காது. மீன் வாடை இருக்கும். நாய் ஆசனவாய்ப் பக்கமே நக்கும். உட்காரும்போது திடுக்கென்று எழுந்து பின்னால் திரும்பிப் பார்க்கும். மலம் கழிக்கத் தயங்கும். வாலைத் தூக்கவிடாது.

உங்கள் கடிதத்தில் இருக்கும் வாடை, நக்கல், மாத்திரைக்கு அடங்காத தேய்ப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பை பிரச்னையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

1. அடைப்பு: திரவம் பேஸ்ட் போலக் கெட்டிப்பட்டிருக்கும். தேய்ப்பதும் நக்குவதும்தான் இருக்கும். வலி குறைவு. இந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போனால் சில நிமிட வேலை. கையுறை போட்டுப் பையைப் பிதுக்கிக் காலி செய்துவிடுவார்.

2. தொற்று: தேங்கிய இடத்தில் கிருமி சேரும். திரவம் மஞ்சளாக, பச்சையாக, சில நேரம் ரத்தம் கலந்து வரும். தொட்டால் நாய் கத்தும். பையைக் கழுவி, ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

3. சீழ்க்கட்டி: ஆசனவாய்க்கு ஒரு பக்கத்தில் சிவந்து வீங்கும். காய்ச்சல் வரலாம், தீனி குறையும். இது அன்றைக்கே காட்ட வேண்டிய கட்டம்.

4. உடைதல்: கட்டி உடைந்து தோலில் ஓட்டை விழும். ரத்தமும் சீழும் வடியும். ஈ முட்டையிட்டால் ஒன்றிரண்டு நாளில் புழுப்புண். கருப்பன் என் கண்ணில் பட்டது இந்தக் கட்டத்தில்தான்.

வயதான நாயாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கெட்டியான கட்டி, மலம் தட்டையாகப் போவது, வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்து மிக அதிகமாகச் சிறுநீர் போவது - இவை பையில் வரும் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். அந்தக் கட்டி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். அதனால்தான் அந்தத் தாகம். விதைநீக்கம் செய்யாத கிழட்டு ஆண் நாய்களுக்கு ஆசனவாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டிகள் வருவது வேறு. அவை பெரும்பாலும் சாதுவான கட்டிகள். எது எது என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் செய்யக்கூடியது

வீக்கம் இருந்து, இன்னும் உடையவில்லை என்றால், மருத்துவரிடம் போகும்வரை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் 10 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. நம் கை தாங்கும் சூட்டுக்கும் குறைவாக இருக்கட்டும். வாயை மெல்லிய துணியால் கட்டிவிட்டு, ஒருவர் தலைப்பக்கம் பிடிக்க, இன்னொருவர் ஒத்தடம் கொடுங்கள். ஒத்தடம் முடிந்ததும் கட்டை அவிழ்த்துவிடுங்கள். வாய் கட்டிய நாய்க்கு உடம்புச் சூட்டை இறக்க முடியாது. நாய் எதிர்த்தால் விட்டுவிடுங்கள், வேண்டாம். நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் வடிவ அட்டை மாட்டலாம். ஈ அண்டாத, நிழலான இடத்தில் கட்டிப் போடுங்கள்.

ஒரு வேளை கடித்துவிட்டால், வளர்த்த நாய்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். நாய்க்கு மூன்று மாத வயதிலும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

செய்யவே கூடாதது

இங்கே நான் வேளாண்மை அலுவலராகவே பேசுகிறேன். புண்ணில் புழு வைத்தால், உண்ணி ஏறினால், பயிருக்கு அடிக்கும் மருந்தை எடுத்துத் தடவும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது. குருணை மருந்தைத் தூவுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இந்த மருந்துகளில் பல நரம்பைத் தாக்குபவை. புண் வழியாக நேரே ரத்தத்தில் சேரும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, வெட்டி வெட்டி இழுத்து, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். போரேட் குருணையும் டைகுளோர்வாஸ் மருந்தும் 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. பழைய டப்பா எங்காவது பரணில் கிடந்தால் அதை எடுத்து நாய்க்கோ ஆட்டுக்கோ பயன்படுத்திவிடாதீர்கள்.

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில், பினாயில் எதுவும் புண்ணுக்கு மருந்தல்ல. மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையும் வேண்டாம். டைக்ளோபெனாக், இப்யூபுரூபன் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். பாராசிட்டமால் பூனைக்கு ஒரு மாத்திரையே எமன்.

தீனியை மாற்றுங்கள்

பையைக் காலி செய்த பிறகும் தீனி மாறாவிட்டால் சில வாரத்தில் அடைப்பு திரும்ப வரும். நோக்கம் ஒன்றுதான்: மலம் கெட்டியாக, உருண்டையாக வர வேண்டும்.

மஞ்சள் பூசணியை உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து மசித்து, நடுத்தர நாய்க்கு ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேஜைக்கரண்டி சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். வெந்த கேரட்டும் நல்லது. கம்பு, கேழ்வரகு, சோளம் எதுவானாலும் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். முட்டை, வேகவைத்த எலும்பில்லாத கறி சேர்க்கலாம். புதுத் தீனியை ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கட்டியே போட்டிருக்கும் நாயைத் தினம் ஒரு நடை கூட்டிப் போங்கள்.

கறிக்கடைப் பச்சைக் கழிவை நிறுத்த இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஆடு வளர்ப்பவர். ஆட்டின் குடல், ஈரல், மூளையில் இருக்கும் புழுக்கட்டிகளைப் பச்சையாகத் தின்றால் நாய்க்குள் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலம் வழியாக மேய்ச்சல் நிலத்தில் விழும். ஆடு மேயும்போது உள்ளே போய், ஒரு வகை மூளையில் கட்டியாகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். இன்னொரு வகை மனிதருக்கே ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு நீக்கம் செய்வது ஆட்டுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்பு.

வெடிச் சத்தமும் வாடையும்

சிவகாசி, திருத்தங்கல் பக்கம் வெடிச் சத்தத்துக்குத் தீபாவளி வரக் காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் கொடை, கல்யாணம், தேர்தல் வெற்றி எல்லாவற்றுக்கும் சரம்தான். மிரண்ட நாய் சில நேரம் இந்தப் பைகளை ஒரேயடியாகக் காலி செய்துவிடும். கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிய நாயிடமிருந்து திடீரென்று மீன் வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். அது நோய் அல்ல, பயம். ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். வெடி ஓய்ந்து இரண்டு நாள் கழித்தும் வாடையும் நக்கலும் நிற்கவில்லை என்றால்தான் காட்ட வேண்டும். பயந்த நாய்க்கு மலமும் இளகும் என்பதால் அந்த வாரம் தீனியில் கூடுதல் கவனம் இருக்கட்டும்.

இதையொட்டி வந்த சில கேள்விகள்

"நாமே பிதுக்கிவிடலாமா?" (சாத்தூர் வாசகி)
தொற்றோ வீக்கமோ இருக்கும்போது வெளியிலிருந்து அழுத்தினால் பை உள்ளேயே உடையக்கூடும். கடிபடும் ஆபத்து வேறு. அடிக்கடி அடைத்துக்கொள்ளும் நாய் என்றால் மருத்துவரிடமே செய்முறையைக் கற்றுக்கொண்டு, அவர் சொல்லும் இடைவெளியில் செய்யலாம். எந்தத் தொந்தரவும் இல்லாத நாய்க்கு மாதாமாதம் பிதுக்குவது தேவையில்லாத வேலை. நன்றாக இருந்த பைக்கு நாமே புண் உண்டாக்கியதாகிவிடும்.

"ஆபரேஷன் செய்து பையை எடுத்துவிட்டால் தொல்லை தீருமா?" (வெம்பக்கோட்டை வாசகர்)
திரும்பத் திரும்ப வந்தாலோ, புற்றுநோய் என்றாலோ எடுப்பார்கள். ஆனால் ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கும் தசைக்கும் நரம்புக்கும் பக்கத்தில் செய்யும் வேலை அது. பழுதுபட்டால் மலத்தை அடக்க முடியாமல் போகலாம். எனவே அது கடைசி வழி.

"பூனைக்கும் வருமா?" (சிவகாசி வாசகி)
அபூர்வமாக வரும். பூனை தரையில் தேய்ப்பது குறைவு. வாலடியை நக்கியே முடியைக் கொட்டவைத்துவிடும். மணல் தட்டுக்கு வெளியே மலம் போகத் தொடங்கினாலும் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, திருத்தங்கல் வாசகருக்கு

மூன்றாவது மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இன்றைக்குச் சாயங்காலமே நாயை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, வாலைத் தூக்க விடுகிறதா, ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதா, சிவப்போ ஓட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். வீக்கம் இல்லையென்றால் நாளைக் காலையில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள். வீக்கமோ சீழோ இருந்தால் ஒரு பொழுதுகூடத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கிப்போக வண்டி வசதி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். எப்போதிலிருந்து தேய்க்கிறது, என்ன மாத்திரை எத்தனை தடவை கொடுத்தீர்கள், மலம் எப்படிப் போகிறது, என்ன தின்கிறது - இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். காலி செய்த பின் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கருப்பன் அதன்பிறகு ஆறு வருடம் அந்தத் தோட்டத்தைக் காத்தது. கடிபட்ட அண்ணாச்சியைக் கண்டால் மட்டும் கடைசிவரை வாலை இடுக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர்தான் தன் சோற்றில் ஒரு உருண்டை எடுத்து வைத்து அதைக் கூப்பிடுவார். உங்கள் நாய் எப்படி இருக்கிறது என்று அடுத்த மாதம் ஒரு கார்டு போடுங்கள். பதிலை இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறோம்.